குறுக்கே வந்த நாய்

யூனியன் பிளேஸ், நாலாம் மாடி.
இந்த வருஷம் மட்டும் என் மேசைக்கு வந்த நாய்கள்
முந்நூற்றுப் பதினாறு.

எல்லாமே இரவு இரண்டுக்கும் விடிய ஐந்துக்கும் இடையில்
றோட்டுக்குக் குறுக்கே பாய்ந்தவை.
ஒன்றும் அடிபடவில்லை.
ஒரு மயிர்கூட பம்பரில் ஒட்டவில்லை.
மதில் இடிந்திருக்கிறது,
லைட் கம்பம் வளைந்திருக்கிறது,
பேலியகொடையில் ஒருமுறை
மீன் லொறியின் பின்பக்கத்துக்குள்
பாதி வான் போயிருக்கிறது.
நாய் மட்டும் எப்படியோ தப்பிவிடும்.

என் வேலை போனில் கேட்பது, கேட்டதைத் தட்டுவது.
‘விபத்துக்கான காரணம்’ என்ற இடத்தில் ஆறு தெரிவுகள்.
நித்திரை அதில் இல்லை.
‘வேறு’ என்று ஒன்று இருக்கிறது.
அதைத் தொட்டால் கோப்பு மேல்மாடிக்குப் போகும்,
மேல்மாடிக்குப் போன கோப்பிலிருந்து
காசு இறங்கி வந்ததை நான் கண்டதில்லை.
ஆகவே கேட்பேன்:
குறுக்கே ஏதும் வந்ததா, அண்ணே?
மறுமுனையில் ஒரு மூச்சு நேரம்.
ஓம். நாய்.

ஹெந்தலை கிருபைராஜா
பகலில் பள்ளிக்கூட வான், இரவில் எயார்போட் ஓட்டம்.
நித்திரையா, எனக்கா, இருபத்தாறு வருஷ லைசென்ஸ் தம்பி.
வைக்கப் போகும்போது தானாகவே சொன்னார்:
கண்ணை மூடினால் லீசிங்காரன் முகம் வருமாம்,
அதனால் மூடுவதேயில்லையாம்.

மாளிகாவத்தை பஸீலுக்கு
பன்னிரண்டு ஓட்டம் முடித்தால் போனஸ்.
பதினொன்றில் எவன் நிறுத்துவான், சொல்லுங்கோ?
சொல்லத் தெரியவில்லை எனக்கு.

நேர்ஸ் பிரிஸ்கா, தொடர்ந்து இரண்டு ஷிஃப்ட், ஸ்கூட்டி:
வீடு வந்துவிட்டது என்று நினைத்தேன்.
இன்னும் இரண்டு சிக்னல் இருந்தது.

மருந்து எல்லோரிடமும் உண்டு.
இஞ்சி போட்ட பிளேன்டீ, ஒரு வாய் வெற்றிலை,
கண்ணாடியை இறக்கிவிட்டு உரத்த பைலா,
மனைவியை எழுப்பிப் போனில் பேசவைப்பது,
தொடையில் கிள்ளு.
ஒருவர் கொச்சிக்காயைப் பாதியாய்க் கடித்து
நாக்கின் கீழ் வைத்துக்கொள்வாராம்.
ஓரமாக நிறுத்தினேன் என்று
இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.
நிறுத்தினால் டோர்ச் அடித்துப் பொலிஸ் தட்டும்.
பின்சீட்டில் குறட்டை விடுகிறவன் எழும்பி
ஒற்றை நட்சத்திரம் போடுவான்.
அவன் நித்திரை கொள்ளலாம்,
அதற்குத்தானே காசு கொடுக்கிறான்.

போன ஞாயிறு
டோஹாவிலிருந்து மச்சான் வந்தான், விமானம் பிந்தி.
வத்தளையில் இறக்கும்போது மூன்று மணி.
படுத்துவிட்டுக் காலையில் போங்கோவன், என்றாள் தங்கச்சி,
பாயை விரித்துக்கொண்டே.
இந்தா இருக்கு வெள்ளவத்தை, என்றேன்.
முந்நூற்றுப் பதினாறு கோப்புப் படித்தவனுக்கு
ஒன்றும் ஆகாது என்று
உள்ளே ஒருவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

களனிப் பாலம் ஞாபகம் இருக்கிறது.
ஒருகொடவத்தையில் கொட்டாவி, கண்ணில் நீர்.
தெமட்டகொடை சிக்னல் சிவப்பு.
பொரளை இல்லை.
ஒரு முழுச் சந்தி,
அதன் மணிக்கூடு, பூக்கடைகள், பஸ் நிற்கும் இடம்,
யாரோ உருவி எடுத்துவிட்டார்கள்.
கனத்தை மதில் தகரத்தைக் கிழிக்கும் சத்தத்தில்தான்
கை ஸ்டியரிங்கில் இருப்பது தெரிந்தது.

இடப்பக்கக் கண்ணாடி இல்லை, ஒரு ஹெட்லைட் இல்லை,
நான் இருந்தேன்.
இறங்கி நின்றேன். முழங்கால் ஆடியது.
மதிலோடு ஒட்டி, நடைபாதையில்,
கபில நிறம், ஒரு காது மட்டும் வெள்ளை,
சத்தத்துக்குத் தலை தூக்கியது.
என்னைப் பார்த்தது.
மூக்கை வாலுக்குள் செருகித்
திரும்பவும் நித்திரையானது.

திங்கட்கிழமை, எதிர் மேசை துவாரகன்
என் படிவத்தைத் திறந்தான்.
விரல்கள் தட்டத் தயாராக.
குறுக்கே ஏதும் வந்ததா?
நாய், என்றேன்.
நிறம்?
அதை யாரிடமும் நாங்கள் கேட்பதில்லை.
சும்மா கேட்டான்.
நான் காதுவரைக்கும் சொன்னேன்.